மூன்றாவது ஊதல்

பழைய நெஞ்சுநோய் வார்டின் கடைசி அறைக்கு அந்த அக்கா வந்தபோது பகல் ஒரு மணி. ஊதல்காரன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போன நேரம். ஆலையில் வாயு கசிந்த நாள் முதலாய், வருகிறவர்களையெல்லாம் மெஷின் முன்னால் உட்காரவைத்து, "இழுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்திக் கத்தி அவனுக்கு ஒட்டிக்கொண்ட பட்டம் அது. நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அவன் தரும் தாள்தான் சொல்லும். நஷ்டஈடு அதைப் பொறுத்தது. ஆளுக்கு மூன்று ஊதல், மூன்று கோடு. ஒன்று குறைந்தாலும் தாள் செல்லாது.

எட்டு மாதத்தில் அவனுக்கு எல்லாமே மரத்துப்போயிருந்தது. யார் இருமினாலும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அக்கா தன் வீட்டுக்காரரின் தாளை மேசைமேல் விரித்தாள். இரண்டு கோடுகள். மூன்றாவது கட்டத்தில் அவன் கையெழுத்தில் ஒரே சொல்: ‘வரவில்லை’.

"நாளைக்கு விசாரணை, தம்பி. கம்பெனி வக்கீல் இந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாரு. உடம்பு நல்லா இருந்ததாலதான் வரலையாம். வாயுவால சாகலையாம்."

"நான் என்னக்கா பண்ண முடியும்? ஆளே இல்லையே."

"அவரு வந்தாரு. நானும்தான் கூட வந்தேன். ரெண்டு ஊதினதும் இருமல் நிக்கல. சாப்பாட்டு நேரம், நாளைக்கு வாங்கன்னு நீங்க கதவைச் சாத்துனீங்க."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். கோபம்கூட இல்லை.

ஞாபகம் இருந்தது, பாவி மனுஷனுக்கு. அன்று ராத்திரியே அந்த ஆள் செத்ததும் தெரியும். மறுநாள் அவர் வரவில்லை, அதனால் ‘வரவில்லை’ என்று எழுதினான். பொய்யில்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

"ரெக்கார்டைத் திருத்தினா என் வேலை போயிடும்க்கா."

அவள் எழுந்து போகவில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரச் சுண்ணாம்பும் அழுகிய பூண்டும் கலந்த மாதிரி. ஆலை வாயுவின் வாடை. ஜன்னல்களோ சாத்தியிருந்தன.

அவன் மெஷினைப் பார்த்தான். அதன் பிளக் தரையில் கிடந்தது.

அதில் செருகியிருந்த, வாய் வைத்து ஊதும் காகிதக் குழாய் நடுங்கியது.

யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக, அடைத்துக்கொண்ட சாக்கடையில் தண்ணீர் இறங்குவது போல.

பிறகு ஊதினார்கள்.

மெஷினின் பேனா வெற்றுத் தாளில் ஏறியது. பாதியில் இரண்டு தடவை துடித்தது. சரிந்தது.

"அவருதான்," என்றாள் அக்கா மெதுவாக. "மூச்சு முடியறப்ப இப்படித்தான் ரெண்டு தடவை விக்கும்."

அவன் அந்தக் கோட்டுத் தாளை உருவி எடுத்தான். "என்ன தேதிக்கா போடட்டும்?"

"அந்தக் கோடு எனக்கு வேணாம், தம்பி. செத்தவரு ஊதினாருன்னு சொன்னா சிரிப்பாங்க. நீங்க நடந்ததை எழுதுங்க."

‘வரவில்லை’யை அடித்தான். கீழே எழுதினான்: ‘வந்திருந்தார். சாப்பாட்டு நேரம் என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.’ கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினான்.

அக்கா ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிடுங்க, தம்பி," என்றுவிட்டுப் போனாள்.

அவன் டப்பாவைத் தொடவில்லை. அவள் போயும் வாடை போகவில்லை. பீரோவிலிருந்து தாள் கட்டு ஒன்றை இறக்கிப் பிரித்தான். அவன் ‘வரவில்லை’ என்று எழுதிய மற்ற தாள்கள், ஒரு சாண் உயரம்.

வராந்தாவில் பெஞ்சு கிரீச்சிட்டது. எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. மறுபடி கிரீச்சிட்டது, ஒருவர் எழுந்துகொள்ள அடுத்தவர் நகர்ந்து உட்காருவது போல.

முதல் தாளை மேசையில் வைத்தான். பெட்டியைப் பிரித்துப் புதுக் குழாய் ஒன்றை எடுத்தான்.

அதன் வாய் ஏற்கெனவே ஈரமாக இருந்தது.