கைக்குட்டையில் இருந்த சிவப்பு

வேதமணியம்மாள் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மேசைமேல் விரித்தார். நடுவில் சிவப்பாய் ஒரு பொருக்கு. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கோவில்பட்டிப் பள்ளி ஆசிரியர் சாமுவேல்ராஜ்.

"அண்ணாச்சி, எம் மவனுக்குப் பேசியிருக்க எஸ்தர்ராணியோடது. ரெண்டு வாரத்துக்கு முந்தி கோயில்ல விட்டுட்டுப் போயிட்டா. எடுத்துப் பெட்டியில பூட்டி வச்சிருந்தேன். இப்ப அவ இருமி ரத்தம் கக்குதான்னு மணியாச்சியில எங்க நாத்தனா சொல்லுதா. புதூர் ஆட்டு யாவாரி சொம்பு சொம்பா கக்குதாங்கான். எம் மூத்தவளைக் காசநோய்க்குத்தான் பறிகொடுத்தேன். நெசம்னா கல்யாணத்தை நிறுத்திருவேன்."

"யாரு கெளப்பிவிட்டான்னு சொல்லுங்க, இழுத்துட்டு வாரேன்!" என்று எழுந்தார் டிரில் மாஸ்டர் பூவனலிங்கம். திறந்திருக்கும் கதவையும் உதைத்துத் திறக்கிற மனிதர்.

"உட்காரும்வே," என்றார் சாமுவேல்ராஜ்.

மறுநாள் மாலை வேதமணியம்மாளையும், அடுத்த வீட்டுச் சீனித்தாயையும், எஸ்தர்ராணியையும் வரவழைத்தார். கரும்பலகையில், முன்னால் ஒரு நட்சத்திரக் குறியிட்டு, 'ருத்ரோஸ்' என்று எழுதியிருந்தது.

"கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதத்துக்கெல்லாம் தாயா இருந்த ஆதி மொழியில சிவப்புக்கு இருந்த சொல் இது. காதால கேட்டவர் யாரும் இல்லை, ஊகிச்சு எடுத்தது, அதுக்குத்தான் நட்சத்திரம். கிரேக்கத்துல எருத்ரோஸ், லத்தீன்ல ரூபெர், ரெண்டும் சிவப்பு. சமஸ்கிருதத்துல ருதிரம், அது ரத்தமாவே ஆயிட்டு. பிள்ளைகளை ஒப்பிட்டுத் தாயைக் கண்டுபிடிக்கிற வேலை. வதந்தியையும் அப்படித்தான் பார்த்தேன்."

"எப்படி?" என்றார் பூவனலிங்கம்.

"புதூர்ல சொம்பு. மணியாச்சியில இருமல். சீனித்தாயைக் காலையில விசாரிச்சேன், அவ காதுல விழுந்ததுல ரெண்டும் இல்லை, ஏதோ சிவப்புக் கறைன்னுதான். வாய்க்கு வாய் ஏறினதையெல்லாம் கழிச்சா மிஞ்சுறது கைக்குட்டையும் சிவப்பும். பூட்டி வச்ச கைக்குட்டையைப் பார்த்தது யாரு?"

வேதமணியம்மாளின் முகம் வெளிறியது. "சீனித்தாய்கிட்ட என்னவா இருக்கும்னு கேட்டேன். அம்புட்டுத்தான் அண்ணாச்சி!"

"நானும் உங்க நாத்தனாகிட்ட ரத்தமா இருக்குமோன்னு கேட்டேன், அம்புட்டுத்தான்," என்றாள் சீனித்தாய் தலைகுனிந்து.

"நீங்க கேட்ட கேள்விதான் ஊரைச் சுத்தி உங்ககிட்டயே சேதியா வந்துட்டும்மா. ரத்தம் ரெண்டு வாரத்துல கறுத்திருக்கும், இது இன்னும் சிவப்பு," என்ற சாமுவேல்ராஜ், தீப்பெட்டியின் பக்கவாட்டில் பொருக்கை உரசினார். புஸ்ஸென்று பற்றியது. தண்ணீர்ச் செம்பில் போட்டு அணைத்தார்.

"தீக்குச்சி மருந்து!" என்று கத்தினார் பூவனலிங்கம். "இவ தீப்பெட்டிக் கம்பெனியில லேபிள் ஒட்டுத புள்ளையாச்சே?"

"அந்த வாரம் குச்சியை மருந்துல முக்குத அக்காவுக்குக் காய்ச்சல். அவங்க இடத்துல நான்தான் நின்னேன். இதுலதான் கையைத் தொடச்சேன்," என்ற எஸ்தர்ராணி, வேதமணியம்மாளிடம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "என்கிட்டயே கேட்டிருக்கலாமே அத்தை?"

"நீ ஆமான்னு சொல்லிட்டா என்னட்டி செய்வேன்? இன்னொரு மவளையும் பறிகொடுக்க எனக்குத் தெம்பு இல்லட்டி," என்று வேதமணியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.