செய்திக்கு ஒரு தனி ஜன்னல்

சாப்பாட்டில் கை வைத்த அத்தை மறுபடியும் எழுந்து முன்னறைக்கு ஓடினார்.

"கொஞ்ச நேரம் உட்காருங்களேன் அத்தை! பார்க்கிற எனக்கே மூச்சு வாங்குது," என்றாள் துறுதுறு.

ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். அவள் இன்னொருவரை உட்காரச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அத்தை கால்நடை மருத்துவர். முன்னறைதான் அவருடைய மருத்துவமனை. ஆடு மாடு வளர்ப்பவர்கள் அவசரம் என்றால் ஓர் இணையப் பக்கம் வழியாகப் படத்தோடு செய்தி அனுப்புவார்கள். அத்தையின் கைபேசி மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிரை விட்டிருந்தது. இப்போதைக்கு முன்னறைக் கணினிதான் கதி.

முந்தின நாள் ஒரு கன்றுக்கு வயிறு உப்பிவிட்டது. செய்தி வந்ததை அத்தை பார்க்கவே இல்லை. கன்றுக்காரர் காத்திருந்து அலுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மயிரிழையில் பிழைத்தது கன்று. அதிலிருந்து அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊசி போடும்போதுகூடக் கண் கணினி மேலேயே இருந்தது.

துறுதுறு திரையை எட்டிப் பார்த்தாள். மருந்து விலை, தீவனம், வானிலை, பழைய பாட்டு என்று ஏகப்பட்ட பக்கங்கள் திறந்து கிடந்தன. அந்த நெரிசலில் செய்திப் பக்கம் எங்கோ ஒடுங்கிக் கிடந்தது.

"அத்தை, கடிகாரம், கால்குலேட்டர் எல்லாம் தனித்தனி ஜன்னல்ல திறக்குதே, அதே மாதிரி இதையும் தனியா வச்சா?"

"அது வெறும் இணையப் பக்கம்டி."

"பண்ணிப் பார்க்கட்டுமா?"

"பாரு. ஆனா எதையாவது அழிச்சே, தொலைச்சிடுவேன்!"

அந்தக் கணினியில் ஓடியது கட்டற்ற மென்பொருள். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம் என்று விட்டது. அதன் உதவிப் பக்கங்களைத் துறுதுறு ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு பிரவுசர் மெனுவைத் துழாவினாள். 'செயலியாக நிறுவு' என்று ஒரு வரி இருந்தது. அமுக்கினாள்.

செய்திப் பக்கம் தனி ஜன்னலில் திறந்தது. அதன் சின்னத்தைத் திரையின் கீழ்ப் பட்டைக்கு இழுத்து வைத்தாள். கணினியைப் போட்டதும் அது தானாகத் திறக்கவும் வழி செய்தாள்.

"அண்ணா, ஒரு செய்தி அனுப்புங்க!" என்று, அத்தைக்கு உதவியாக மருந்து எடுத்துக் கொடுக்கும் கம்பவுண்டர் அண்ணனிடம் கத்தினாள்.

அவர் தன் கைபேசியிலிருந்து அனுப்பினார். செய்தி வந்தது. ஆனால் சத்தம் இல்லை.

"போச்சு!" அத்தை தலையில் கை வைத்தார். "ஏற்கெனவே ஒரு கன்னு போகத் தெரிஞ்சுது. இதுல நீ வேற நோண்டி வச்சிருக்கே."

துறுதுறுவின் முகம் சுண்டிப்போனது. நகத்தைக் கடித்தபடி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சட்டென்று நின்றாள்.

"அத்தை, திரையில ஏதாவது கேள்வி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ன கேட்டாலும் 'வேண்டாம்'னு அமுக்கிடுவேன். ஏன்?"

"'செய்தி வந்தா சொல்லட்டுமா'ன்னு அது கேட்டிருக்கும். அதுக்கும் வேண்டாம்னு சொல்லிட்டீங்க!"

கம்பவுண்டர் அண்ணன் சிரிப்பை அடக்க இருமினார். துறுதுறு அமைப்புகளைத் திறந்து, 'அறிவிப்பு' என்ற இடத்தில் தடையை எடுத்தாள். ஒலியை முழுதாகக் கூட்டினாள். அண்ணன் மறுபடியும் ஒரு செய்தியைத் தட்டிவிட்டார்.

டிங்!

திரையின் மூலையில் ஒரு கட்டம் எட்டிப் பார்த்தது. 'நான் மாடு பேசுகிறேன். டாக்டர் இருக்காங்களா?'

அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பின்கட்டில் நாய்க்குட்டிக்குக் கட்டுப் போடும்போது அவர் காது முன்னறையிலேயே இருந்தது.

டிங்!

துறுதுறு பாய்ந்தாள். "அத்தை! ஆடு குட்டி போட முடியாம தவிக்குதாம். ஒரு கால் மட்டும் வெளிய வந்திருக்கு!"

"வண்டிச் சாவி எங்கே? நீயும் வா, ஆட்டைப் பிடிக்க ஆள் வேணும்!"

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டுக்கார அக்கா தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "செய்தி போட்ட கையோடு வந்துட்டீங்களே டாக்டர்!"

துறுதுறு ஆட்டின் தலையை மடியில் வைத்துத் தடவினாள். அத்தை மெதுவாகக் குட்டியைத் திருப்பி இழுத்தார். ஈரமாக வந்து விழுந்தது. அசையவில்லை. அத்தை துணியால் பரபரவென்று தேய்த்தார்.

குட்டி ஒரு தும்மல் போட்டது. பிறகு, "மே!"

"அத்தை, உள்ளே இன்னொரு குட்டி! கால் தெரியுது!"

"தெரியுதுல்ல? அப்புறம் என்ன வேடிக்கை? அடுத்த துணியை எடு!"