இடது பக்கம் ஒடித்தால்

முனகல் முதலில் வந்தது. ஸ்டியரிங் அதற்கப்புறம்தான் திரும்பியது.

காதுக்காரனுக்கு அது உடனே உறைக்கவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட் முழுக்க சூடான எண்ணெய், நனைந்த சாக்கு, பழைய தோல் சீட் எல்லாம் கலந்த வாடை. தூக்கி நிறுத்தியிருந்த பானட்டுக்கு இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத டிரைவர் சீட்டில், அவனுடைய அண்ணி. ஸ்டியரிங் சத்தம் பார்ப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. ஒருத்தர் ஒடிக்க வேண்டும், இன்னொருத்தர் கேட்க வேண்டும். வண்டியின் கோளாறைக் காதாலேயே பிடித்துவிடுவான் என்பதால்தான் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். எட்டு மாதம் முன்புவரை, அவன் கேட்பதற்காக எல்லார் வண்டியிலும் ஏறி ஸ்டியரிங்கை ஒடித்துக் கொடுத்தது அண்ணன்.

"இடது பக்கம் ஒடிங்க அண்ணி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வார்த்தை வெளியே வருவதற்குள் முனகல் எழுந்துவிட்டது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் ஆளின் தொண்டையிலிருந்து வருவது போல, தாழ்வாக, நீளமாக. அப்புறம்தான் முன் டயர்கள் மெல்ல இடது பக்கம் நகர்ந்தன.

அவள் முந்திக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டான்.

வண்டி அண்ணனுடையது. நாற்பத்தைந்து வருஷப் பழசு. கப்பல் மாதிரி நீளம், யானைக் கனம். அந்தக் காலத்திலேயே பவர் ஸ்டியரிங் வைத்து வந்தது என்று அண்ணன் அடித்துக்கொள்ளாத பெருமை இல்லை. எட்டு மாதம் முன்பு, கடைசி நாள் காலையிலும் இதே ஷெட்டுக்குத்தான் வந்தான். "டேய், இடது பக்கம் ஒடிச்சா முனகுதுடா. கொஞ்சம் பாரேன்." காதுக்காரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "காத்து ஏறியிருக்கும்ணே. ஒண்ணும் இல்ல. ஓட்டு."

ஊரார் வண்டிக்கெல்லாம் காதைக் கொடுத்தவன், கூடப்பிறந்தவன் வண்டிக்கு பானட்டைக்கூடத் திறக்கவில்லை.

மத்தியானம் தண்ணீர்த் தொட்டி வளைவில், இடது பக்கம் ஒடிக்க வேண்டிய இடத்தில், வண்டி ஒடியாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. அண்ணன் பிழைக்கவில்லை. டிரைவர் தூங்கிவிட்டார் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். காதுக்காரன் வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. கல்லுப்பிள்ளையாராட்டம் நிற்கிறான் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். உண்மைதான். அன்றிலிருந்து அவனுக்குள் எதுவும் அசையவில்லை.

இப்போது அண்ணி அம்மா வீட்டுக்கே போகிறாள். மூட்டை முடிச்செல்லாம் பின் சீட்டில் ஏறியாயிற்று. வழி அதே வளைவு. முன்பக்கத்தை நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தாயிற்று, ஓட்டிப் பார்த்ததில் முனகல் மட்டும் போகவில்லை. பஸ்ஸில் போங்களேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "இதுல போனா அவர் கூட இருக்கற மாதிரி இருக்கு தம்பி" என்றாள். இருட்டுவதற்குள் அவள் கிளம்ப வேண்டும். அதற்குள் இவன் சத்தத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஸ்டியரிங் ஆயிலைத் திறந்து பார்த்தான். அளவு சரி. நுரை இல்லை. நுரை இல்லையென்றால் காற்று ஏறவில்லை. அன்றைக்கு அண்ணனிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைகூடப் பொய். அதையும் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்தது பம்ப். பம்பைச் சுற்றுவது தனி பெல்ட். அதைக் கழற்றிவிட்டால் பம்ப் ஓடாது. சத்தம் நின்றால் கோளாறு பம்பில்தான், சந்தேகமே வேண்டாம். கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டான். தீய்ந்த வாடை அடித்தது. குனிந்து பார்த்தால் முழங்கை சூடான குழாய்மேல் இருந்தது. தோல் வெந்துகொண்டிருந்தது. வலிக்கவில்லை. எடுத்துக்கொண்டான்.

"அண்ணி, இப்ப பவர் இல்ல. கல்லு மாதிரி இருக்கும். ரெண்டு கையாலயும் இழுத்து ஒடிங்க."

இன்ஜின் உறுமியது. பம்ப் செத்தாற்போல் கிடந்தது. முனகல் வந்தது. டயர்கள் வழுக்கிக்கொண்டு கடைசிவரை திரும்பின.

"கஷ்டமா இருக்கா?"

"இல்லையே தம்பி. ஒரு விரலே போதும்." எட்டு மாதத்துக்கப்புறம் அவள் சிரிப்பது அப்போதுதான் கேட்டது. "நான் நினைக்கறதுக்கு முந்தியே திரும்புது. உங்க அண்ணன் வண்டியாச்சே!"

"இன்ஜினை நிறுத்துங்க. கையை எடுத்துருங்க."

நிறுத்தினாள். மழைச் சத்தம் மட்டும்.

அப்புறம் முனகல்.

நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். நுனி இரும்பில், கைப்பிடி காதில். சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கேதான் கோளாறு, இருபது வருஷமாக அவன் பிழைப்பு இதுதான். பம்பில் வைத்தான், ஒன்றுமில்லை. ஹோஸில் லேசாக. ஸ்டியரிங் பெட்டியில் இன்னும் கொஞ்சம். அங்கிருந்து தண்டு மேலே ஏறி வண்டிக்குள் போகிறது. சத்தமும் அதோடு ஏறியது.

சுற்றிக்கொண்டு டிரைவர் கதவுக்கு வந்தான். அண்ணியின் இரண்டு கையும் மடியில் இருந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே தண்டில் நுனியை வைத்துக் காதை அழுத்தினான்.

முனகல் இல்லை அது. பேச்சு.

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஒருத்தன் பேசுகிறான். காத்து ஏறியிருக்கும்ணே. ஒண்ணும் இல்ல. ஓட்டு. காத்து ஏறியிருக்கும்ணே. ஒண்ணும் இல்ல. ஓட்டு.

அவன் குரல்.

"என்ன தம்பி, தெரிஞ்சுதா?"

இறங்குங்க அண்ணி. அவர் தூங்கல. சத்தம் வருதுன்னு எங்கிட்ட சொன்னார். நான் பாக்கல. நாலு வார்த்தை. சொல்லிவிட்டால் அவள் இறங்கிவிடுவாள். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவன் முகத்தில் விழிக்க மாட்டாள், ஆனால் உயிரோடு இருப்பாள். சொல்ல வாயைத் திறந்தான். கைப்பிடி இன்னும் காதில்தான் இருந்தது.

காதில் முதலில் கேட்டது. வாய் அதற்கப்புறம்தான் சொன்னது.

"ஒண்ணும் இல்ல அண்ணி. ஓட்டுங்க."

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டாள். அவன் கை பானட்டைச் சாத்தியது. அவன் கைதான், ஆனால் அவன் சாத்தவில்லை.

வண்டி பின்னால் நகர்ந்து மழைக்குள் போனது. கேட்டருகே நின்றது. வலது பக்கம் பஸ் நிலையம். இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி.

தோளில் கனத்தது. பார்த்தான். பெல்ட்.

அண்ணி ஜன்னலுக்கு வெளியே ஒரு கையை நீட்டி ஆட்டினாள். இன்னொரு கையால் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கில் கையே இல்லை.

நிறுத்துங்க என்று கத்த வேண்டும். மூச்சை இழுத்தான். வாயை முழுசாகத் திறந்தான்.

முனகல் வந்தது. தாழ்வாக, நீளமாக, அவன் தொண்டையிலிருந்து.

அதற்கப்புறம் ஸ்டியரிங் இடது பக்கம் திரும்பியது.