இரண்டாவது மிஷின்

முதல் மிஷின் நேர்க்கோட்டில் போகவில்லை. மூன்று நாளும் குளத்தின் நடுவிலேயே வளைந்து வளைந்து சுற்றியது. வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு அப்போதே மூஸாவின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

நீச்சல் குளச் சாமான் விற்கும் மூஸா தஞ்சாவூரிலிருந்து, குளத்தின் அடியைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் இரண்டு மிஷின்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஒன்று வயர் மாட்டி ஓடுவது, மலிவு. மற்றது பேட்டரியில் ஓடும், சுவரேறும், எங்கெங்கே தேய்த்தது என்று செல்போனில் கோடு போட்டுக் காட்டும். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

"மலிவுல கோளாறு வச்சு, விலை கூடினத என் தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று போனில் கேட்டார் கல்யாணம்.

"ஐயோ சார், எங்க ஓட்டினாலும் நேராத்தான் போவும். உங்க தரையில ஏதாச்சும் இருக்கா பாருங்க."

தரையில் நீல டைல்ஸ்தான் இருந்தது. ஆனால் மிஷினின் அழுக்குப் பையைத் திறந்தால் சேறு. நடவு வயலின் கறுத்த, குழைந்த சேறு. தெற்குத் தெருக்காரர்கள்தான் வேண்டுமென்றே கொட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, கேட்டுக்கு இன்னொரு பூட்டு போட்டார். அவர்களுடைய அப்பன் பாட்டன் உழுத நிலம்; வயிற்றெரிச்சல் இல்லாமலா இருக்கும்!

நாளைக் காலை பத்திர ஆபீஸ். வீட்டையும் நிலத்தையும் மகள் மதுரத்தின் பேருக்கு எழுதிவைக்கப் போகிறார். அவளும் குழந்தைகளும் விடியற்காலை ரயிலில் வருகிறார்கள். வந்ததும் குழந்தைகள் குளத்தில்தான் குதிக்கும். எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் இரண்டாவது மிஷினைத் தண்ணீரில் விட்டார். மெல்லிய ரீங்காரத்துடன் அது இறங்கிப் போயிற்று. குளோரின் நெடி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, தண்ணீர் பாய்ச்சிய வயலின் வாசனை கிளம்பியது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வர, கரையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தார். ஒரு வளைவு. அதைச் சுற்றி இன்னொன்று. அதைச் சுற்றி மற்றொன்று. மூஸாவைப் போனில் கூப்பிட்டார்.

"மூஸா, இதுவும் கோளாறுதான். படத்த தப்பா காட்டுது."

"அது போன வழியத்தான் சார் காட்டும். சொந்தமா வரையத் தெரியாது."

பிறகு எல்லா வளைவுகளையும் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு சாய்ந்த வெற்றுக்கோடு விழுந்தது.

கல்யாணம் செல்போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இந்த ரேகையை அவருக்குத் தெரியும்.

உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, நிலம் கைவிட்டுப் போகாமலிருக்க, அப்பா இந்த வயலைப் பண்ணையாள் காத்தான் பேரில் மாற்றி வைத்தார். திருப்பி எழுதி வாங்குவதற்குள் காத்தான் நடவு வயலிலேயே பாம்பு கடித்துச் செத்துப்போனான். மற்றவர்கள் வருமுன் அப்பா முன்தேதியிட்ட பத்திரத்தோடு வரப்புக்கு வந்தார். மைப்பெட்டி பிடித்தது பத்து வயதுக் கல்யாணம். "விரல்ல சேறுடா, நன்னாக் கழுவு" என்றார் அப்பா. அவன் வாய்க்கால் தண்ணீரில் செத்தவனின் இடது கட்டைவிரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். குறுக்கே அரிவாள் வெட்டிய பழைய தழும்பு. அந்த வரப்பு இருந்த இடத்தில்தான் இப்போது குளம்.

செல்போனில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார். ரீங்காரம் கரையை நோக்கி வந்தது. குனிந்து, கைப்பிடியைப் பற்றி, மிஷினை வெளியே இழுத்துப் போட்டார். சக்கரங்கள் நின்றன.

செல்போனில் கோடு நிற்கவில்லை.

போன் அடித்தது. மதுரம்.

"அப்பா, நாளைக்கு இடது கட்டைவிரல் ரேகை வைக்கணுமாம். மறந்துடாதேங்கோ."

இடது கட்டைவிரலைப் பார்த்தார். மிஷினை இழுத்தபோது ஒட்டிய சேறு. போனைக் கீழே வைத்தார். மண்டியிட்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

சில்லென்றிருந்தது. விரலை உதறினார். சேறு போகவில்லை.

கையை எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

அடியிலிருந்து இரண்டு சின்னக் கைகள். பத்து வயதுப் பிள்ளையின் கைகள். அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, ரேகைக்கு இடையிலிருந்த சேற்றைப் பொறுமையாக, அழுந்தத் தேய்த்து, நன்றாகக் கழுவிக்கொண்டிருந்தன.