குணமானவர் சங்கரவேல்

பேச்சிக்கனியின் கைகளில் ஆறு நாடிக்காப்புகள் இருந்தன. ஒன்று கணவன் சங்கரவேலுடையது, மற்றவை தெருக்காரர்களுடையவை. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் அரசு மாட்டிவிட்ட காப்பு அது. நடையை எண்ணும், அழுத்தத்தையும் அளக்கும். கோவில்பட்டித் தெருக்களில் குப்பை வண்டி தள்ளுகிறவள் கையில் மாட்டிவிட்டால் போதும், உட்கார்ந்த இடத்திலேயே பதினாறாயிரம் அடி நடந்துவிடலாம். ஊரில் தெருவுக்குத் தெரு இப்படி ஒரு நடைக்காரி உண்டு. ஆறு பேரும் ஒரே அடி வைத்து நடப்பதை இயந்திரம் தெருவின் ஒற்றுமை என்று பதிந்துகொண்டது. அதற்கு அவ்வளவுதான் புத்தி.

தினம் எட்டாயிரம் அடி நடக்காதவருக்கு வீட்டுச் சுவரில் அரசு பதித்த மருந்துப்பேழை மாத்திரை தராது. கடையில் விற்கவும் தடை. தையற்காரர் சங்கரவேலுக்குத் தேய்ந்த முழங்காலோடு தெருமுனை போய் வருவதே பெரும்பாடு. "கழட்டிக் குடுங்க, உங்களுக்கும் சேத்து நான் நடக்கேன்" என்று அவள்தான் வாங்கி மாட்டிக்கொண்டாள். தெருக்காரர்களின் காப்புகள் சாயங்காலம் அவரவர் கைக்குப் போய்விடும்; கணவனுடையதை மட்டும் அவள் ராப்பகலாகக் கழற்றவே இல்லை.

தொண்ணூறாம் நாள் காலை, சுவரிலிருந்த பேழை மாத்திரைக்குப் பதிலாக வாழ்த்துச் சொன்னது. "சங்கரவேல் அவர்களே, உங்கள் அழுத்தம் 118. நீங்கள் குணமானவர். இனி மருந்து தேவையில்லை."

அடப்பாவி, அது அவளுடைய அழுத்தம். சங்கரவேலுடையது மாத்திரை இல்லாவிட்டால் 190. அவருடைய அண்ணன் அதே 190இல் கைகால் விழுந்து செத்தவர். பதறிப்போய்க் காப்பை அவர் கையில் மாட்டினாள்.

"இந்த நாடி சங்கரவேலுடையது அல்ல" என்று சொல்லி, தொண்ணூறு நாளாக அவள் நாடியையே அவருடையதாகப் பழகியிருந்த காப்பு அணைந்துபோனது. அவள் கைக்குத் திரும்பியதும் விழித்துக்கொண்டது.

காப்புகளைக் கவனிக்கும் நலமன்றத்துக்கு ஓடினாள். அங்கே அலுவலர் இசக்கியப்பன் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யக்கா, நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. காப்பு கை மாறுச்சுன்னு எழுதினா அவரு பேரையே தூக்கிருவாங்க."

"புதுசா ஒண்ணு பதிஞ்சு குடுங்க தம்பி."

"ஊரே குணமாயிருச்சுன்னு புதுக்காப்பு குடுக்கத நிப்பாட்டியாச்சு. இந்தக் காப்புல அழுத்தம் திரும்ப ஏறணும். வேற வழியில்ல."

ஏறணும்தானே, ஏற்றிவிடலாம் என்று கிளம்பிவிட்டாள் பேச்சிக்கனி. மூன்று வேளையும் கருவாடு, ஊறுகாய், உப்புக் கரைத்த மோர். வேலைக்கு லீவு போட்டாள், தூக்கத்தை விட்டாள். தெருக்காரர்கள் தங்கள் காப்புகளை வாங்கிக்கொண்டு வேறு நடைக்காரியைத் தேடிப் போய்விட்டார்கள். நல்ல ஒற்றுமை.

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? நீயும் விழுந்துட்டா யாரு கஞ்சி ஊத்துவா?" என்று சங்கரவேல் திட்டினார்.

"மாத்திர வரட்டும், நிப்பாட்டிருவேன். சும்மா இருங்க."

மாத்திரை இல்லாமல் அவர் கை சொன்னபடி கேட்கவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம் காப்பு 172 காட்டியது. பேழை திறந்து ஒரு மாத்திரையைத் தள்ளியது. பேச்சிக்கனி அழுதேவிட்டாள். சங்கரவேல் கை நீட்டினார்.

"நோய் திரும்பியவருக்கு நடைக்கணக்கு இல்லை, தனி விதி" என்றது பேழை. "தினமும் மாத்திரை வந்ததும் விழுங்கவும். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்தில் காப்பில் அழுத்தம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நீங்கள் விழுங்கவில்லை என்று கருதி மருந்து நிரந்தரமாக நிறுத்தப்படும்."

சங்கரவேல் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"நீங்க போட்டுக்கோங்க."

"ஒரு நாளைக்குப் போட்டு என்ன செய்ய? நாளைக்கு இது தெறக்காது. நீ போடு. ஒனக்குந்தான் இப்ப வந்துட்டுல்லா."

அது உண்மைதான். தலைசுற்றல் தாங்காமல் இரண்டு வாரமாக அவள் உப்பைத் தொடவில்லை; ஆனாலும் அழுத்தம் இறங்கவில்லை. சங்கரவேல் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பாதி தரையில் சிந்தியது. அவள் விழுங்கினாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் காப்பு 146 காட்டியது.

"சங்கரவேல் அவர்களே, மருந்து உங்களுக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது" என்றது பேழை. "விடாமல் சாப்பிடுங்கள்."