பழைய சோற்றுப் பொத்தான்

செவ்வாய்க்கிழமை வளையல் படிக்கும் நாள். புது நாகை தாய்மை நிலையத்தில் எட்டு மணிக்கே பெண்கள் பெஞ்சில் இடம் பிடித்துவிடுவார்கள். செவிலி வேதவல்லி பெயரைக் கூப்பிட, ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து இடக்கையைப் படிப்பான் கருவிக்குள் நுழைப்பாள். மணிக்கட்டில் அரசு வளையல். கரு உறுதியான அன்று பூட்டினால் பிரசவத்தன்றுதான் கழற்றுவார்கள். வியர்வையில் சாராயச் சுவடு உண்டா என்று அது இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால் பச்சை, இருந்தால் சிவப்பு. எவ்வளவு என்று சொல்ல அதற்குத் தெரியாது.

சிவப்பு வந்தால் திரை காரணம் கேட்கும். பழைய சோறு, இருமல் மருந்து, கைகழுவும் திரவம், மது என்று நான்கு பொத்தான்கள். நான்காவதை அமுக்கினால் மாலையே வண்டி வரும். பிரசவம் வரை காப்பகம்தான்.

வளையல் வந்த முதல் கோடையில் நீராகாரம் குடித்த முப்பத்திரண்டு பெண்களைப் பிடித்துப்போய் அடைத்துவிட்டார்கள். ஊரே தெருவில் இறங்கிய பிறகுதான் முதல் பொத்தான் சேர்ந்தது. அதன்பின் பதினோரு ஆண்டுகளாக இந்த மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிகூடக் குடித்ததில்லை. பழைய சோறு மட்டும் ஏகத்துக்கும் தின்கிறார்கள் என்றது அறிக்கை.

அன்று முதலில் வந்தவளுக்குச் சிவப்பு.

"என்ன சாப்பிட்ட?" என்றாள் வேதவல்லி.

"பழையதுதான் சிஸ்டர்."

"சரி, அந்தாண்ட திரும்பிப் பேசு. பழையது வாடை தூக்குது."

வெளியே பெஞ்சில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அடுத்து வந்தவள் ஜெசிந்தா. கடலில் மிதக்கும் குப்பையை வாரும் கழிவுப் படகில் வேலை பார்த்தவள். இது இரண்டாவது பிள்ளை, ஐந்தாம் மாதம். படிப்பானில் கடந்த ஐந்து நாளும் சிவப்பு. வேதவல்லியின் விரல் பழக்கத்தில் முதல் பொத்தானுக்குப் போனது.

"அத அமுக்காதீங்க சிஸ்டர். நாலாவத அமுக்குங்க."

"குடிச்சியா?"

"ஒரு சொட்டு இல்ல. ஷெர்லின் பொறந்ததுலேர்ந்து தொடல. அஞ்சு நாளா மூணு வேளையும் பழையதுதான். சிவப்பு வரணும்ல?"

வேதவல்லி கையை எடுத்துக்கொண்டாள்.

"புத்தி கெட்டுப்போச்சாடி உனக்கு?"

"ஷெர்லினுக்கு ஆறு வயசாச்சு. காலையில சொல்லிக் குடுத்த எழுத்து மத்தியானம் இருக்கறதில்ல. குழந்தை ஆய்வு நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பதிவப் பாத்துட்டு, தாய் சுத்தம், சோதன தேவையில்ல, புள்ள மந்தம்னு அனுப்பிட்டாங்க."

"அவ வயித்துல இருக்கறப்ப குடிச்சேன்னு சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னேனே. பதிவுல பழைய சோறுன்னுதானே இருக்குங்கறாங்க. தாய் பேர்ல மது விழுந்தா மூத்த புள்ளையவும் சோதிச்சே ஆகணும், பயிற்சி குடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்குல்ல? விழட்டும்."

"அதனாலதான் அவ இப்பிடி இருக்கான்னு யார் சொன்னா?"

"பாத்தாத்தானே தெரியும்?"

வேதவல்லி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்குப் பழையதுன்னு அமுக்குனது நான்."

"கெஞ்சுனது நான். பழி சொல்ல வரல."

"நாலு மாசம் அடச்சு வெச்சிருவாங்க. அவள யாரு பாப்பா?"

"அவ அப்பா பாக்கட்டும். படகுல பக்கத்துல ஒக்காந்து ஊத்திக் குடுத்த மனுசன்தானே. அவரு கையில யாரும் வளையல் பூட்டலையே."

வேதவல்லி நான்காவது பொத்தானை அமுக்கினாள். அவள் பார்த்தேயிராத ஒரு பக்கம் திறந்தது. மூன்று கேள்விகள்: எவ்வளவு, எப்போது, ஏன்.

"இந்தத் தடவ குடிக்கலையே, எதச் சொல்ல?"

"அந்தத் தடவையச் சொல்லு."

ஜெசிந்தா வளையலை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"வேல முடிஞ்சா ஒரு டம்ளர். படகுல எல்லாருக்கும் உண்டு. உண்டாயிருக்கேன்னு தெரியவே ரெண்டு மாசம் ஆச்சு. தெரிஞ்சப்புறம் பத்து நாள் விட்டுப் பாத்தேன். அந்தக் குப்ப நாத்தத்துல வாயில வெச்சது எல்லாம் வெளிய வந்துச்சு. ஒரு மடக்கு உள்ள போனாத்தான் சோறு எறங்கும். வயித்துல இருக்கறதுக்குச் சோறு வேணுமேன்னுதான் குடிச்சேன் சிஸ்டர்."

ஏன் என்ற கட்டத்தில் பத்து எழுத்துகளுக்குத்தான் இடம் இருந்தது. வேதவல்லி 'சோறு இறங்க' என்று பதிந்தாள்.

ஜெசிந்தா எழுந்து, வண்டி வருவதற்குள் பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும் என்று வேகமாக நடந்தாள். கதவு திறந்தே இருந்தது. பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லாரும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டாள் வேதவல்லி. இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்து கையை நுழைத்தாள். சிவப்பு.

"பழையதா?"

அவள் கையை உருவிக்கொண்டு எழுந்து போய், கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.