முப்பத்தேழாவது தட்டு

புனிதவதி முப்பத்தாறு முறைதான் தட்டினாள். ஆனால் முப்பத்தேழு முறை கேட்டது.

இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டு, விரல் நுனிகளால் பிடரி எலும்பின்மேல் ஒரே சீராகத் தட்ட வேண்டும், எண்ணிக்கை தவறக்கூடாது. எண்ணிக்கை தவறுகிறவள் அல்லள் அவள். யாழ்ப்பாணத் தொலைபேசி நிலையத்தில் பதினோர் ஆண்டுகளும், ரொறொன்ரோ நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டலின் தொலைபேசி இணைப்புப் பலகையில் இரண்டு ஆண்டுகளுமாக, எவர் முதலில் அழைத்தார், எவர் மறுமொழி கொடுத்தார் என்பதைக் காதால் பிரித்தறிந்தே பிழைத்தவள். விரல்கள் ஓய்ந்து மடியில் இறங்கப்போன அந்தச் சிறு இடைவெளியில், மூன்று வாரங்களாகச் செத்துக் கிடந்த வலக்காதினுள், மெல்லிய, அவசரமில்லாத, மரியாதையான ஒரு தட்டு.

அந்தக் காது செத்தது 1986 நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், பதினோராம் மாடி வீட்டில், அவள் கண் விழித்தபோது உலகம் இடப்பக்கம் மட்டும் இருந்தது. மருத்துவமனை பத்து நாள்களுக்குக் குளிசை தந்தது. பதினோராம் நாள், வந்தால் வரும், வராவிட்டால் பழகிக்கொள்ளுங்கள் என்று ஓர் இளம் வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே சொன்னார். ஹோட்டலில் மேலாளர் எட்வேட் அவளைச் சலவைப் பகுதிக்கு அனுப்பினார். டிசம்பர் பதினைந்தாம் திகதி காதைச் சோதிப்போம். தேறினால் பலகை, தேறாவிட்டால் ஓய்வுபெறும்வரை துவாய் மடிப்பு என்றார்.

துவாய் மடித்த செலீன்தான் அவளைச் சும்மா இருக்க விடவில்லை.

"உவங்கள் கைவிட்டா விடட்டும், அக்கா. ஸ்பாடைனாத் தெருவில ஒரு சீன வைத்தியர் இருக்கிறார். என்ர முழங்காலை நிமித்தின மனிசன். வாங்கோ."

மரப்பட்டையும் கற்பூரமும் மணத்த ஒடுங்கிய அறையில், லாவ் என்ற அந்த முதியவர் அவளுடைய நாக்கைப் பார்த்தார். இரு கைகளிலும் நாடி பிடித்தார். அவர் சீனத்தில் சொன்னதை மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். காதின் வேர் சிறுநீரகத்தில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் தொடக்கூடாது. கழுத்தில் காற்றுப் படக்கூடாது. கறுப்பு அவரையும் வால்நட்டும் நாள்தோறும் உண்ண வேண்டும். படுக்குமுன் வெந்நீரில் பாதங்களை வைத்து, பத்தரைக்குள் உறங்கிவிட வேண்டும். மாலை ஐந்து மணியிலிருந்து ஏழுவரை சிறுநீரகத்தின் நேரம். அப்போது தனித்திருந்து, காதுகளைப் பொத்திப் பிடரியில் 'வானத்துப் பறை' தட்ட வேண்டும், முப்பத்தாறு முறை. கோபம் அறவே ஆகாது.

கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் புனிதவதி கைக்கொண்டாள். கோபம்தான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது.

"சட்டியில ஊறினதைப் பாத்து வடைக்கெண்டு நினைச்சு ஆசைப்பட்டுப்போனன்," என்றான் கணவன் பத்மநாதன், பிற்பகல் வேலைக்குச் சப்பாத்துக் கட்டியபடி. "உது என்னப்பா, மாட்டுக்கு வைக்கிறதோ?"

"தின்னப்போறது நான். உங்களுக்கென்ன?"

"எனக்கொண்டுமில்லை. காதைப் பொத்திக்கொண்டு மண்டையில தட்டுறதை மட்டும் யன்னலடியில செய்யாதை. முன் பில்டிங்காரர் பொலிசைக் கூப்பிடுவினம்."

அவள் சிரித்தாள். முப்பத்தேழாவது தட்டைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. வைத்தியரிடம்தான் சொன்னாள், அந்தச் சனிக்கிழமை.

மகள் அதை மொழிபெயர்த்ததும் நாடியின்மேல் இருந்த முதியவரின் விரல்கள் அசைவற்று நின்றன. அவர் ஒன்று கேட்டார்.

"உங்கள் தட்டுக்குப் பின்பா, முன்பா என்று அப்பா கேட்கிறார்."

"பின்பு."

அவர் ஆறுதலாக மூச்சு விட்டார். மகள் அவர் சொன்னதைச் சொன்னாள். "பின்பு வந்தால் நல்லது. காது விழிக்கிறது. முன்பு வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்."

"ஏன்?"

முதியவர் மருந்துப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

"உந்த மனிசன் கடைசியா என்ன சொன்னவர்?" என்று தெருவில் செலீன் கேட்டாள்.

"மகள்பெட்டை சொல்லேல்லை."

"சொல்லாட்டி விடுங்கோ. பூண்டு தின்னக்கூடாது எண்டிருப்பார். உங்கட முகத்தைப் பாத்துப் பெட்டை பயந்திட்டுது."

கேட்கும் திறன் திரும்பத் தொடங்கியது. ஞாயிறன்று குளிர்சாதனப் பெட்டியின் முனகல் வலக்காதில் ஏறியது. செவ்வாயன்று, சுவரோரச் சூடாக்கிக்குள் தண்ணீர் உருளும் ஓசையும், லிப்ற் கயிறு எங்கோ கீழே இழுபடும் கரகரப்பும். ஒவ்வொரு மாலையும் அவள் முடித்தபின் அந்த ஒற்றைத் தட்டு, கணக்குப்பிள்ளைபோல் தவறாமல் வந்தது. அவள் அதற்குப் பழகிப்போனாள்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, வெளியே முற்றாக இருண்டிருக்க, அவள் காதுகளைப் பொத்தினாள். விரலை உயர்த்தினாள். தட்டவில்லை.

தட்டு கேட்டது.

பொத்திய கைகளை அவள் எடுக்கவில்லை. முதலில் அழைப்பவர் யார், மறுமொழி கொடுப்பவர் யார் என்பது அவளுக்குத் தெரியாததா? அது அழைக்கிறது. நிறுத்து என்றார் கிழவர். சோதனைக்கு நான்கு நாள்கள். நிறுத்தினால், மடிக்காத துவாய்கள் மலையாகக் குவிந்த அந்த ஈர அறை, நிறுத்தாவிட்டால்...

"நிப்பாட்ட மாட்டன்," என்றாள் வெறுங்கூடத்தைப் பார்த்து. தட்டினாள். அதன் தட்டு முன்னே போக, அவளுடையது பின்னே போனது.

வெள்ளிக்கிழமை சுவாமிப் படத்தின் முன் விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நெய் மணத்தோடு, மரப்பட்டைக் கசப்பு மணம் ஒன்று அறையில் இருந்தது. அன்று அவள் மருந்து காய்ச்சவில்லை. அது தட்டியது, அவள் தட்டினாள். முப்பத்தாறு. விரல்களை நிறுத்தினாள். விரல்கள் நிற்கவில்லை. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. தன் விரல்கள்தாம், தன் பிடரிதான். நாற்பது. நாற்பத்தொன்று. கைகளைப் பிய்த்தெடுத்துக்கொண்டு எழுந்தாள். கதிரை பின்னே சரிந்தது.

"ஆர் நீ? இது என்ர காது! ஊரில சுட்டெரிச்ச வீட்டிலயிருந்து உயிரோட வெளிய வந்தவள் நான். எனக்கு நீ தாளம் போடுறியோ? எழும்பு! வெளிக்கிடு!"

அறை செவிகொடுத்துக் கேட்டது. விளக்குச் சுடர் ஆடாமல் நின்றது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். அந்த நேரத்தில் எவரையும், வாசலில் வந்த பிச்சைக்காரரைக்கூட, வெறும் 'போ' என்று சொல்லி அவள் நாக்கு பழகியதில்லை. நாக்கு தன் பழக்கப்படியே சொன்னது.

"போட்டு வா!"

வாசற்கதவின் சங்கிலி ஒருமுறை ஆடி நின்றது.

சொன்னது என்னவென்று அதன் பின்புதான் அவளுக்கு உறைத்தது: போய்விட்டுத் திரும்பி வா என்று அதை அழைத்திருந்தாள்.

ஆனால் காது! கொட்டும் பனி கண்ணாடியில் உராய்வதுகூடக் கேட்டது. அடுத்த வீட்டில் யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள், அதுவும் கேட்டது. திங்கட்கிழமை சோதனை அறையில், ஊசி விழுவதைவிட மெல்லிய ஒலிகளுக்கெல்லாம் விரலை உயர்த்தினாள். எட்வேட் தாளை இருமுறை புரட்டிப் பார்த்தார். நாளைக் காலை ஏழு மணிக்குப் பலகை என்றார்.

"இனி எங்களைப் பாத்தாலும் ஆரெண்டு கேப்பியள்," என்று செலீன் அவள் முதுகில் துவாயால் அடித்தாள். "இண்டைக்கு அவரும் வேலையெல்லே? என்ர வீட்டை வாங்கோவன்."

"என்ர வீட்டில, என்ர கதிரையில இருக்கப்போறன்," என்றாள் புனிதவதி. "எனக்கு ஒருத்தருக்கும் பயமில்லை."

இருந்தாள். யன்னலைப் பார்த்துக் கதிரையைப் போட்டு, கைகளை முழங்கால்களில் அழுத்தி வைத்தாள். இனித் தட்டமாட்டாள். ஒருபோதும் இல்லை. கறுத்த கண்ணாடியில் அவளும், விளக்கும், பின்னால் கூடமும் தெரிந்தன. சூடாக்கியில் தண்ணீர் உருண்டது. லிப்ற் எழும்பி வந்தது. அவள் மாடியில் நின்றது. கதவு திறந்த ஓசை கேட்டது. நடைபாதைக் கம்பளத்தில் காலடி எதுவும் கேட்கவில்லை.

மணி ஐந்து.

சங்கிலி ஆடியது.

திரும்பமாட்டேன் என்று பற்களைக் கடித்தாள். வெறும் தரையில் ஈரப் பாதங்கள். ஒன்று. இன்னொன்று. திரும்பி வந்த காது ஒன்றையும் விடாமல் கேட்டது. பாதத்தோடு தரை ஒட்டுவது. தரையைவிட்டுப் பாதம் பிரிவது. மரப்பட்டை மணம். கதிரையின் பின்னால் ஒரு மூச்சு.

பின்பு மூச்சும் இல்லை. சூடாக்கி இல்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லை.

இரு காதுகளையும் குளிர்ந்த உள்ளங்கைகள் இறுகப் பொத்தியிருந்தன.

யன்னலில் பார்த்தாள். முழங்கால்களில் இரண்டு கைகள். அவளுடையவை. தலையின் இருபுறமும் இரண்டு கைகள். அவற்றின் நீண்ட விரல்கள் அவள் பிடரியை நோக்கி மடிந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் தோள் இல்லை. முகம் இல்லை.

தட்டு.

"ஒண்டு," என்றாள். தன் குரல் தனக்குக் கேட்கவில்லை.

தட்டு.

"ரெண்டு." அழமாட்டாள். கெஞ்சமாட்டாள். எண்ணுவாள்.

முப்பத்தாறு வந்தது. விரல்கள் நிற்கவில்லை.

கண்ணாடியில், அந்த நான்கு கைகளுக்கு நடுவே, அவள் உதடுகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.